மணி நோட்டம்



புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வட்டத்திலுள்ள கீரமங்கலம் என் ஊர். பூவுக்கும் பலாவுக்கும் தென்னைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே மெய்நின்ற நாதர் கோயிலில் 81 அடி உயரமுள்ள சிவபெருமான் திருவுருவம் ஒன்று நிற்கின்றது. அப்பேருருவத்தின் முன்னே நக்கீரருக்கும் ஒரு சிறிய சிலை உண்டு. ஊரின் பெயரைக் கீரனோடு இணைத்துக் கூறுவது எங்கள் ஊரார் வழக்கம். இறைவனே பாடித் தந்த பாட்டாயினும் அதிற் குற்றம் கண்டவர் நக்கீரர் என்றும், கண்ட குற்றத்தை இல்லையென்று சொல்ல மறுத்தவர் என்றும் திருவிளையாடற் கதை கூறும். சங்கறுத்து வளையல் செய்யும் குடியில் அவர் பிறந்தவர் என்பதும் அக்கதையோடு வழங்கும் செய்தியே. அணிகலன் செய்யும் குடியிலே தோன்றிய ஒருவர் குற்றம் காண்பதில் வல்லவராக விளங்கினார் என்னும் இதனைச் சிறு வயதில் நான் வெறுங் கதையாகவே கேட்டுவந்தேன். அதன் உட்பொருள் எங்கள் வீட்டு நகையொன்றின் வாயிலாகப் பின்னரே எனக்கு விளங்கிற்று.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்து சென்றது. விடிந்தபோது, எங்கள் தோப்பில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோப்பை மறுபடி உண்டாக்கப் பணம் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததோ என் அப்பத்தா விட்டுச் சென்ற கெம்பு அட்டிகை ஒன்றுதான். அதிற் பதித்த கற்கள் பர்மாவிலிருந்து வந்த மாணிக்கம் என்பது எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக நிலவிய நம்பிக்கை. என் தாயாருக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், அட்டிகையை ஈடாகப் பெற்றுக்கொண்டு, பொன்னுக்கும் கல்லுக்கும் சேர்த்தே கடன் தருவதாக முன்வந்தார். "கல்லைச் சோதிக்க வேண்டாம், உங்கள் வீட்டுச் சொல் எனக்குப் போதும்" என்று அவர் கூறினார். அவர் சென்றபின் என் தாயார், "சொல் போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆகையால் நாம்தாம் பார்த்தாக வேண்டும்" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த முதிய பத்தர் ஒருவரிடம் அட்டிகையை எடுத்துச் சென்றேன். மாலை நேரம் அது. அவர் அதனைக் கையில் வாங்கவும் இசையவில்லை. "தம்பி, விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் நல்ல கல்தான். காலையில் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். மறுநாட் காலையில் வடக்கு நோக்கி அமர்ந்து, பூதக்கண்ணாடி கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நிறம் மிக நன்றாக இருக்கிறது. ஒரு கல்லிலும் ஒரு குறையும் என் கண்ணுக்குப் படவில்லை. அதுதான் எனக்குக் கவலை தருகிறது" என்றார். குறையில்லாத கல்லைக் கண்டு ஒருவர் ஏன் கவலைப்படவேண்டும்? இரண்டு கற்களைக் கழற்றி நகரத்திலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு அனுப்பிவிட்டு, விடை வரும்வரை இக்கேள்விக்கு நூல்களிலே விளக்கம் தேடினேன். அவ்வாறு தேடிக் கற்றவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பொன்னையும் மணியையும் ஆராய்ந்து தரம் அறிவதை முன்னோர் நோட்டம் என்றனர். அத்தொழில் வல்லவரை நோட்டக்காரர் என்றனர். நோட்டத்தின் முதற்படி நிறை அறிதல். எங்கள் ஊர் வேலிகளிலே படர்ந்து காய்க்கும் குன்றிமணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழந்தமிழ்ப் பொற்கடையின் மிகச் சிறிய எடைகளுள் ஒன்று அதுவே. குன்றிமணி இரண்டு கொண்டது ஒரு மஞ்சாடி. மஞ்சாடி இருபது கொண்டது ஒரு கழஞ்சு. மூன்றும் விதைகளின் பெயர்களே. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் கரோப் என்னும் மரத்தின் விதையைக் கொண்டே மணிகளை நிறுத்தனர். அவ்விதையின் பெயரிலிருந்தே காரட் என்னும் சொல் பிறந்தது. 1907-ஆம் ஆண்டில் அதனை 200 மில்லிகிராம் என வரையறுத்தனர். மாசற்ற மணியை நிறுக்க நம் முன்னோர் தேர்ந்த குன்றிமணியின் முகத்திலே ஒரு கரும்புள்ளி இருப்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இரண்டாவது படி மாற்று அறிதல். பொன்னைக் கரிய உரைகல்லில் இழைத்து, அங்கே படியும் கோட்டின் நிறத்தைத் தரம் தெரிந்த பொன்னாணியின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பழைய முறை. ஒப்பிடுவதற்கென வைத்திருந்த உயர்ந்த பொன்னே ஆணிப்பொன் எனப்பட்டது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் இன்றும் ஒருவரைப் பாராட்டும்போது இவ்வுரைகல்லின் மொழியையே பேசுகிறோம். தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில் கிராபி மாநிலத்திலே, குவான் லுக் பாட் என்னும் இடத்தில் இத்தகைய உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. அவ்விடத்தின் பெயருக்கு மணிகளின் மேடு என்பது பொருள். சிறிய தட்டையான அக்கல்லில் தமிழ்ப் பிராமி எழுத்திலே பெரும்பதன் கல் என்று பொறித்திருக்கிறது. கி. பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என ஆய்வாளர் கணிக்கின்றனர். பதன் என்பதைப் பத்தன் எனக் கொண்டால், பெரும் பொற்கொல்லன் ஒருவனுடைய கல் அது. கடல் கடந்து தொழில் செய்யப் புறப்பட்ட தமிழ்ப் பத்தர் ஒருவர், தம் பெயர் எழுதிய உரைகல்லையும் உடன் கொண்டுபோனார். பத்தர் என்று இன்றும் எங்கள் பக்கத்தார் அழைக்கும் பெயர் அத்துணைப் பழமையுடையது என்று அறிந்தபோது நான் மகிழ்ந்தேன்.

மூன்றாவது படிதான் கடினமானது. அது மணியை அறிதல். இதனைப் பற்றித் தமிழில் விளங்கும் பழைய சான்றுகளுள் தலையாயது சிலப்பதிகாரம். மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கும் கோவலன் இரத்தினக் கடைத்தெருவை அடைகின்றான். அங்கே விற்கும் மணிகளை இளங்கோவடிகள் வெறுமனே அழகியவை, ஒளியுடையவை என்று புகழ்ந்து போகவில்லை. ஒவ்வொன்றற்கும் வரக்கூடிய குற்றங்கள் இவை என்று பெயர் சொல்லி, அவை இல்லாத மணிகள் அங்கிருந்தன என்கின்றார். ஏகை என்னும் கீற்று, விந்து என்னும் புள்ளி, களங்கம், காகத்தின் அடிபோன்ற காகபாதம் ஆகியவை வைரத்தின் குற்றங்களாக அங்கே கூறப்படுகின்றன. முத்துக்கு நீராலும் கல்லாலும் மண்ணாலும் காற்றாலும் ஊறு நேரும் என்பதும் அங்கே வருகின்றது. பின்வந்த உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இப்பகுதிக்கு விரிவான விளக்கம் எழுதினார். அக்கடைத்தெருவில் மணியைத் தெரிந்தவன் என்றால் அதன் குற்றங்களைத் தெரிந்தவன் என்பதே பொருள் என்று இதனால் அறிகிறோம்.

இவ்வளவு நுட்பமாக மணியின் குற்றங்களை அறிந்திருந்த நகரத்திலேதான், சிலம்பொன்றைச் சோதியாமையால் ஓர் உயிர் போயிற்று. கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பு அரசியுடையது என்று ஒருவன் சொன்னான். அச்சொல்லே போதுமெனக் கொண்டனர். ஒரு தொழிலாளன் செய்த தீங்கு அத்தொழில் முழுவதன்மேலும் ஏறாது. ஆயினும் அரண்மனையில் ஒருவரும் உள்ளே இருக்கும் பரல் யாது என்று கேட்கவில்லை. கண்ணகி வந்து கேட்டாள். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதுமாயிருந்தது. அந்நொடி ஒருநாள் முன்னதாக வந்திருக்குமானால் அக்காப்பியமே வேறாகியிருக்கும். என் தாயார், சொல் போதாது என்று கூறியதன் நியாயம் இதைப் படித்தபோது எனக்கு நன்கு விளங்கிற்று.

இனி, மண்ணுக்கடியிற் கிடைத்த சான்றுகளைப் பார்ப்போம். நொய்யலாற்றின் கரையிலே ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதல் பலமுறை அகழாய்வு நடைபெற்றது. அங்கே பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம் முதலியவற்றால் ஆகிய மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு முடியாத மணிகளும் கிடைத்தமையால், அங்கே மணிப்பட்டறைகள் இருந்தன என்பது உறுதியாயிற்று. காங்கேயத்திற்கு அருகிலுள்ள படியூர், கடல்வண்ணமுடைய பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்ற இடம். எங்கள் மாவட்டத்திலும் பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2023-ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, சிறிய பொன்னணி ஒன்றும் சூதுபவள மணி ஒன்றும் வெளிப்பட்டன.

இம்மணிகளை விரும்பி வாங்கிய நாடுகளுள் உரோமப் பேரரசு முதன்மையானது. அந்நாட்டு அறிஞர் பிளினி, கி. பி. 77-ஆம் ஆண்டளவில் முடித்த இயற்கை வரலாறு என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியை மணிகளுக்கே ஒதுக்கினார். பச்சைக்கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகின்றது என்று அவர் எழுதினார். அடுத்து அவர் கூறும் செய்தி நமக்கு இனிமையானதன்று. இந்தியர் படிகத்திற்குச் சாயமேற்றிப் பிற மணிகளைப்போல, சிறப்பாகப் பச்சைக்கல்லைப்போல, போலிகளைச் செய்யக் கற்றுக்கொண்டனர் என்கின்றார். நம் முன்னோர் மணித்தொழிலில் வல்லவர் என்று பெருமை கொள்கின்ற நாம், அவ்வன்மையின் ஒரு கூறு பொய்ம்மணி செய்வதிலும் சென்றது என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். புகழை மட்டும் எழுதிக் குறையை விட்டுவிட்டால் அது நோட்டமும் ஆகாது, வரலாறும் ஆகாது.

போலியைக் கண்டறியும் வழிகளையும் பிளினி கூறியிருக்கின்றார். காலை நேரத்தில் கல்லைப் பார்க்கவேண்டும்; உண்மைக் கல் போலியைவிடக் கனமாக இருக்கும்; வாயிலிட்டால் குளிர்ச்சியாக இருக்கும்; போலியின் உள்ளே சிறு குமிழிகள் தென்படும் என்கின்றார். காலையில் வாருங்கள் என்று என்னைத் திருப்பியனுப்பிய எங்கள் பத்தர் பிளினியைப் படித்தவர் அல்லர். கண்ணும் கையும் கற்ற பாடம், உரோமிலும் கீரமங்கலத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கின்றது.

நம் நாட்டுப் பண்டங்களுக்காக உரோமிலிருந்து பொன் வந்தது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுடெர்சு நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகின்றது என்று அதே பிளினி வருந்தினார். அப்பொன் வந்ததற்குச் சான்று, எங்கள் ஊருக்கு நெடுந்தொலைவில் இல்லாத கருக்காக்குறிச்சியிலேயே உண்டு. அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானமாக இருந்த அப்பகுதியில், 1898-ஆம் ஆண்டில், 501 உரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று வெளிப்பட்டது. அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பேசியன் காலம் வரையிலான காசுகள் அவை. வெஸ்பேசியன் இறந்ததும், வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பிளினி இறந்ததும் ஒரே ஆண்டு; கி. பி. 79. ஆகவே கருக்காக்குறிச்சிக் காசுகளும் பிளினியின் நூலும் ஒரே காலத்து வாணிகத்தைக் காட்டும் இரு சான்றுகள் ஆகும்.

அக்காசுகளிலே ஒரு வியப்பு உண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசனுடைய முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கின்றனர். அவை மீண்டும் நாணயமாகச் செல்லாதவாறு செய்வதற்காக அங்ஙனம் வெட்டினர் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், வெட்டுண்ட அக்காசில் பேரரசனுடைய முகத்துக்கு மதிப்பு இல்லை. நிறையும் மாற்றுமே மதிப்பு. முகத்தைக் கண்டு மயங்காமல் பொருளைக் காணவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

இனித் தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்டவன்; பெரிய கோயிலைக் கட்டியவன். அரசனும் அவன் தமக்கை குந்தவையாரும் தேவியரும் கோயிலுக்கு அளித்த அணிகலன்களின் பட்டியல் அக்கோயிற் சுவர்களிலே வெட்டப்பட்டுள்ளது. அவற்றைப் படித்துப் பதிப்பிக்கும் பணியை ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மேற்கொண்டார். 1891 முதல் அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதியின் இரண்டாம் மடலாக வெளிவந்தன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். இறைவன் பெயரால் அமைந்த எடைக்கற்கள் அவை. அவற்றைக் கொண்டு ஒவ்வோர் அணியையும் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் எழுதி, விலை இத்தனை காசு என்றும் முடித்திருக்கின்றனர்.

மன்னன் தான் வழிபடும் கடவுளுக்கு அளித்த நகைகளின் பட்டியல் அது. புகழ்ச்சிக்கு இடங்கொடுக்கும் இடம் அதனைவிட வேறில்லை. ஆயினும் அங்கே எழுதியிருப்பது என்ன? வைரங்களைச் சொல்லுமிடத்து, முறிந்தவையும், செம்புள்ளியாகிய இரத்தவிந்து உடையவையும், கரும்புள்ளியாகிய காகவிந்து உடையவையும், வெந்ததுபோன்ற தழும்பு உடையவையும் உட்பட என்று எழுதியிருக்கின்றனர். மாணிக்கங்களைச் சொல்லுமிடத்து, குழியும் வெட்டும் துளையும் வெண்புள்ளியும் உடையவை, தாய்ப்பாறை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவை என்று குறித்திருக்கின்றனர். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, கறடு என வகை பிரித்து, நீரோட்டம் குளிர்ந்ததோ சிவந்ததோ என்பதையும் தெரிவித்திருக்கின்றனர். நகையின் உள்ளே அடைத்த அரக்கும், கோத்த நூலும் நிறையிற் சேர்ந்திருந்தால், அவையும் உட்பட நிறுத்தது என்று பல இடங்களில் ஒளியாமற் சொல்லியிருக்கின்றனர்.

காப்பியத்து விந்துவும் கல்வெட்டின் விந்துவும் ஒரே குற்றம், ஒரே சொல். காப்பியத்தில் அது புலவர் கூறும் குற்றம். கல்வெட்டிலோ அரசன் அளித்த மணிமீது கணக்கர் பதிவு செய்த குற்றம். அரசன் முகம் கோணுமே என்று அவர்கள் அஞ்சியதாகத் தெரியவில்லை. அவ்வாறு எழுதியதில் பக்தியைவிட உலகியல் அறிவே மிகுதி எனலாம். மாசற்ற வைரம் பத்து என்று எழுதினால் எவரும் ஒன்றை மாற்றி வேறொன்றை வைத்துவிடலாம். காகவிந்து உடையது இரண்டு, முறிந்தது ஒன்று என்று எழுதிவிட்டால், ஆயிரம் ஆண்டு கழித்து வருபவனும் சரிபார்க்க முடியும். குறையே அம்மணியின் அடையாளம். அதனைக் கல்லில் வெட்டியதே அதற்குக் காவல். இக்கருத்து மனத்திற் பதிந்தபோது, குறையில்லாத கல்லைக் கண்டு பத்தர் கவலையுற்றதன் காரணமும் எனக்கு ஓரளவு புலப்பட்டது.

மீதியை அறிவியல் விளக்கிற்று. கண் ஒன்றையே நம்பியவர்கள் பேரரசுகளிலும் ஏமாந்திருக்கின்றனர். பிரிட்டிஷ் அரசமுடி ஒன்றின் முன்புறத்தில், கருப்பு இளவரசனின் மாணிக்கம் என்ற பெயருடன் பெரிய செங்கல் ஒன்று பதிந்துள்ளது. உண்மையில் அது மாணிக்கமன்று. ஸ்பினல் என்னும் வேறொரு கனிமம். இரண்டும் நிறத்தால் ஒத்திருப்பினும் வேறுவேறு என்பதை 1783-ஆம் ஆண்டிலே ரோமே தெ லீல் என்னும் பிரெஞ்சு அறிஞர் பிரித்துக் காட்டினார். இன்று பள்ளி மாணவரும் அவ்வேறுபாட்டை எளிதில் அறியலாம். கல்லைக் காற்றில் ஒருமுறையும் நீரில் மூழ்கவிட்டு ஒருமுறையும் நிறுத்துப் பாருங்கள். மாணிக்கம் தன் பருமனுள்ள நீரைப்போல் நான்கு மடங்கு கனம், ஸ்பினல் 3.6 மடங்கு, படிகம் 2.65 மடங்கு. உண்மைக் கல் கனமாக இருக்கும் என்று பிளினி கையால் உணர்ந்ததை இது எண்ணாற் காட்டுகின்றது. மேலும், மாணிக்கத்தில் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும், ஸ்பினலில் பிரியாது. கடினத்தை அளப்பதற்கு ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த வரிசையில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, படிகம் 7.

நம் நாட்டார் ஒருவரும் இத்துறைக்குப் பெருங்கொடை அளித்துள்ளார். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது அதன் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகின்றது என்பதை 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் கண்டறிந்தார். அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆதலின், நகையைச் சிதைக்காமல் ஒளியைப் பாய்ச்சியே, பதித்த கல் இன்னதென்று கூற முடிகின்றது. இன்று மணி ஆய்வுக்கூடங்களிலே இராமன் பெயராலேயே அக்கருவி வழங்குகின்றது. வைரத்தையும் முத்தையும் வாழ்நாள் முழுவதும் விரும்பி ஆராய்ந்தவர் அவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இத்தனை சோதனைகளையும் வெல்லக்கூடிய ஒரு கல் 1902-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகமாயிற்று. வெர்னுயி என்னும் பிரெஞ்சு வேதியியலார், அலுமினிய ஆக்சைடுத் தூளை மிகுந்த வெப்பமுள்ள சுடரின் வழியே தூவி உருக்கி, துளித்துளியாகச் சேர்த்து மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அது கண்ணாடியன்று. அதன் கனமும் கடினமும் ஒளியைப் பிரிக்கும் இயல்பும் மண்ணில் விளைந்த மாணிக்கத்திற்கு உள்ளவையே. பின் எவ்வாறு வேறுபாடு அறிவது? கல்லின் உள்ளே இருக்கும் குறையைக் கொண்டுதான். மண்ணில் நெடுங்காலம் விளைந்த மாணிக்கத்தில் நுண்ணூசி போன்ற இழைகளும், வேறு கனிமத் துணுக்குகளும், நேராகச் சென்று கோணமாக மடங்கும் வளர்ச்சிக் கோடுகளும் காணப்படும். சுடரில் வளர்ந்ததிலோ கோடுகள் வில்போல் வளைந்திருக்கும், குமிழிகளும் இருக்கலாம். பிளினி சொன்ன குமிழியை நினைத்துக்கொள்ளுங்கள். வெறுங் கண்ணுக்கும் சிறு பூதக்கண்ணாடிக்கும் அது பெரும்பாலும் மாசற்றதாகவே தோன்றும். அத்தனை கற்களும் அவ்வளவு தூயனவாய் இருத்தல் மண்ணின் இயல்பன்று என்பதுதான் எங்கள் பத்தரின் கவலை.

ஆய்வுக்கூடத்தின் விடை வந்தது. இரண்டு கற்களிலும் வளைந்த கோடுகள். அப்பத்தாவின் பர்மாக் கெம்பு, சுடரிலே வளர்ந்த செயற்கை மாணிக்கம். பத்தர் மற்றக் கற்களையும் கழற்றி, அரக்கை நீக்கி, பொன்னை மட்டும் நிறுத்தார். ஐந்தரைப் பவுன் என்று நாங்கள் எண்ணியிருந்தது மூன்றே முக்கால் பவுனாயிற்று. இந்நகையை என் பாட்டனாருக்கு விற்றவர் அறிந்து ஏமாற்றினாரா, அவரும் ஏமாந்தவரா என்பதைச் சொல்ல இன்று எவரும் இல்லை.

கடன் தருவதாகக் கூறிய மாமாவிடம் இதனைச் சொல்வதா என்று அன்றிரவு வீட்டிலே பேச்சு எழுந்தது. கற்களை மீண்டும் பதித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கடனைத் திருப்பித் தந்து நகையை மீட்டுக்கொள்ளத்தான் போகிறோம். அவருக்கு நட்டமொன்றுமில்லை என்று நானே வாதாடினேன். இன்று அதனை உங்களிடம் சொல்ல நாணுகிறேன். என் தாயார் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலையில் தாமே சென்று, "அண்ணே, பொன்னுக்கு மட்டும் கொடுங்கள், கல்லுக்கு விலையில்லையாம்" என்று சொல்லிவிட்டார். மாமா பொன்னுக்கு உரியதை மட்டும் கொடுத்தார். அத்தொகை பாதித் தோப்புக்கே போதுமாயிருந்தது. மீதி நிலத்தில் சம்பங்கி வைத்தோம். இரண்டாண்டில் கடனை அடைத்தபின், அட்டிகையைத் திருப்பித் தரும்போது மாமா ஒரு தாளையும் தந்தார். அதிலே அவர் தம் கையால் எழுதியிருந்தது: பொன் இத்தனை, அரக்கு நீங்கலாக, கற்கள் செயற்கை. தஞ்சைக் கல்வெட்டை அவர் படித்தவரல்லர்.

நண்பர்களே, உங்களுட் பலர் நாளை வீட்டிற்கு நகை வாங்கப் போவீர்கள். 2021-ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் பொன் நகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 916 என்னும் எண், ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன், அதாவது 22 காரட் என்பதைக் காட்டும். அதனோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளமும் இருக்கும். ஆனால் அம்முத்திரை பொன்னுக்கே சான்று. பதித்த கல்லுக்கு அன்று. ஆகவே பொன்னின் நிறை வேறாகவும் கல்லின் நிறை வேறாகவும் எழுதித் தரும்படி கேளுங்கள். கல் மண்ணில் விளைந்ததா, மனிதன் வளர்த்ததா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். செயற்கைக் கல் அழகில் தாழ்ந்ததன்று. அதனை அணிவதில் இழிவும் இல்லை. அதன் பெயரை மாற்றிச் சொல்வதே இழிவு.

அட்டிகை இப்போது எங்கள் வீட்டிலேதான் இருக்கிறது. அக்கற்களையே பத்தர் மறுபடி பதித்துத் தந்தார். திருநாட்களில் என் தங்கை அதனை அணிகிறாள். பர்மாக் கெம்பா என்று கேட்பவர்களிடம், இல்லை, சுடரில் வளர்ந்தது என்று சொல்கிறாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மாமா எழுதிய தாளும் அதனுள் இருக்கின்றது.